பெயர் எழுதாத சாவிகள்

அந்தத் தேர்தலுக்கு எங்களுக்குக் கிடைத்த அலுவலகம், பழைய துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு மிளகாய் வத்தல் குடோனின் மாடி. கீழே லாரியிலிருந்து மூட்டை இறக்கினால் மேலே பத்துப் பேர் தும்முவோம். யாராவது எழுந்து நின்று கொள்கை பேசத் தொடங்கும்போதுதான் பெரும்பாலும் லாரி வரும். தும்மலுக்கு நடுவில் பேசப்பட்ட கொள்கைகளைத்தான் அந்த இரண்டு மாதமும் நான் கேட்டேன்.

அங்கே எனக்கு வேலை, சொற்கள். இருபது வருடத்துக்கு மேல் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன். நிருபர்கள் அனுப்புவதை வெட்டி, திருத்தி, தலைப்புப் போடுவது தொழில். எங்கள் பதிப்பை வேறொரு ஊர்ப் பதிப்போடு சேர்த்தபோது என் நாற்காலி தேவைப்படாமல் போயிற்று. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் போட்ட தலைப்புகளில் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வத்தல் குடோன் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். கூட்டணி சார்பில் எங்கள் தொகுதிக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர்.

கூட்டணியில் மூன்று கட்சிகள். மூன்றுக்கும் தனித்தனித் தொண்டர்கள், தனித்தனி வாக்காளர் பட்டியல்கள், தனித்தனி வாட்ஸ்அப் குழுக்கள். ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் மூன்று பேர் போய் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அடுத்த தெருவுக்கு யாருமே போகவில்லை. நான் முதல்நாள் தொண்டர்களோடு போனபோது ஒரு பெண் வாசலில் நின்று கத்தினாள்: "காலையில ஒருத்தன், மத்தியானம் ஒருத்தன், இப்ப நீங்க. கூட்டணின்னு சொல்லுதிய, உங்களுக்குள்ள ஒரு வார்த்த பேசிக்கிட மாட்டியளா? மீனு கழுவ விடுங்கவே!"

ஆகவே மூன்று கட்சிக்கும் பொதுவாக ஒரு செல்போன் செயலி செய்வதென்று முடிவாயிற்று. ஒருவர் போய்வந்த வீடு மற்ற இருவருக்கும் தெரிய வேண்டும். அதைச் செய்ய வந்தவர், சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு அம்மாவின் உடல்நிலைக்காக ஊர் திரும்பியிருந்த ஒரு பொறியாளர். முப்பத்தைந்து வயதுப் பெண். குறைவாகப் பேசுவார். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பார். அவர் திரையில் பெட்டிகளைப் போடுவார். அந்தப் பெட்டிகளுக்கு மேலே என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்வேன்.

எனக்கு அதில் உண்மையான ஆர்வம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் வருவதெல்லாம் பொய்யாகிவிடும். ஏழாம் வகுப்புப் படித்த தொண்டருக்கும் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லையும் யோசித்து வைத்தேன். 'சமர்ப்பிக்கவும்' என்பதை 'முடிந்தது' என்று மாற்றினேன். அச்சுக்குப் போகும் பக்கத்தைப் பார்ப்பதுபோலத் திரையைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தேன். பொதுவாக ஒரு கருவி இருந்தால் பாதிச் சண்டை குறையும் என்று நம்பினேன்.

எங்கள் பகுதியில் பெரிய தொல்லை பூட்டிய வீடுகள். ஆண்கள் கடலில் இருப்பார்கள். தோணியில் மாலத்தீவு போயிருப்பார்கள். கப்பலில், வளைகுடாவில், கேரளத்தில் இருப்பார்கள். பெண்கள் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருப்பார்கள். தொண்டர்கள் ஒரு பூட்டுக்கு நாலு தடவை நடந்தார்கள். 'ஊரில் இல்லை' என்று ஒரு பகுதி வைக்கலாம் என்று சொன்னது நான்தான். அதற்குக் கீழே மூன்று கேள்விகள்: யார், எங்கே, எப்போது திரும்புவார். செய்தி எழுத வருகிறவர்களுக்கு முதல்நாள் சொல்லிக்கொடுப்பது அது.

பொறியாளர் தட்டச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இத யாரெல்லாம் பாக்கலாம் சார்?"

"எல்லாரும்தான். பொதுவான கருவின்னுதானே செய்றோம்?"

"அந்தத் தெருவுக்குப் போறவங்க மட்டும் பாக்குற மாதிரி வைக்கலாம். வேலை அதிகமில்ல."

"வேண்டாம். ஒளிச்சு வச்சா மறுபடியும் மூணு பட்டியல் ஆயிரும்."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு நான் சொன்னபடி போட்டார்.

தொண்டர்கள் அந்தப் பகுதியில் 'பிறகு வருவார்' என்று எழுதினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பிறகு என்பது ஒரு நாள் அல்ல என்று கூட்டத்தில் சொன்னேன். நாள் போடாமல் அடுத்த பக்கம் போக முடியாதபடி செய்யச் சொன்னேன். "சார் நம்மள எல்லாம் நிருபராக்காம விட மாட்டாரு போல" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

எல்லோரையும்விடச் சரியாக எழுதியவர் மாப்பிள்ளையூரணியைத் தாண்டி உப்பளத்துக்குப் போகும் பாதையில் ஒரு தெருவில் இருந்தார். அவரை அந்தத் தெருவில் சாவிக்கார அக்கா என்பார்கள். ஐம்பது வயதிருக்கும். பெரியதாழையிலிருந்து கல்யாணமாகி வந்தவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. பள்ளிச் சீருடை தைத்துப் பிழைத்தார். எந்நேரமும் வீட்டில் தையல் மெஷினோடு இருப்பதால், ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று. தண்ணீர் வரும் நாளில் அவரே திறந்து குடத்தில் பிடித்து வைப்பார். கோழிக்குத் தீனி போடுவார். கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பார்.

அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வரும் என்று கூட்டணிக்காரர் ஒருவர் சொன்னதை நம்பித் தொண்டு செய்ய வந்தார்.

தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு பலகை. மூன்று வரிசையாக ஆணிகள். எண்ணிப் பார்த்தேன், பதினெட்டுச் சாவிகள் தொங்கின. ஒன்றிலும் பெயர் இல்லை, எண் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுத் துணி முடிந்திருந்தது. பச்சைக் கட்டம், நீலக் கோடு, மெரூன், வெள்ளையில் சிறு பூ.

"எது யார் வீட்டுச் சாவின்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அந்தந்த வீட்டுப் பிள்ளையளுக்குத் தச்ச துணியிலதான் கிழிச்சுக் கட்டியிருக்கேன். எனக்குத் தெரியும்லா."

"பேர் எழுதி வச்சா சுலபமா இருக்குமே?"

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "பேரு எழுதிப் போட்டா, பலகையத் தூக்கிட்டுப் போறவன் நேரா வீட்டுக்குப் போயிருவான். இப்பத் தூக்கிட்டுப் போனாம்னா வச்சுப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்." பிறகு அவரே சிரித்தார். "எம் பொறந்த ஊர்க்காரி ஒருத்தியும் இந்தத் தெருவுல கிடையாது சார். இங்கன எனக்கு யார் இருக்கான்னு கேட்டா இதத்தான் காட்டணும்."

நல்ல வாசகம் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். குறித்த கையோடு செல்போனை எடுத்து, இதில் யார் யார் ஊரில் இல்லை, எப்போது வருவார்கள் என்று கேட்டேன்.

அவர் கை நின்றது. "எதுக்கு சார்?"

"பூட்டுன வீட்டுக்கு ஆள் வீணா அலைய வேண்டாம்லா. அவங்க வந்த பிறகு பூத் சிலிப்பக் கொடுத்துக்கிடலாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சொன்னார். முதல் ஐந்து வீடுகளை, எப்படி எழுத வேண்டும் என்று காட்டுவதற்காக நானே என் விரலால் எழுதினேன். மூன்றாவது வீடு ஒரு தோணிக்காரருடையது. மாலத்தீவுக்கு வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிப் போகும் தோணியில் வேலை. மனைவி பிள்ளைகளோடு ஆற்றங்கரைப் பக்கம் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். "அவிய கொடைக்கு முந்தின செவ்வாக்கிழம வருவாவ" என்றார் அக்கா. கொடை என்பது அந்தத் தெருவின் அம்மன் கோயில் திருவிழா; அவர் சொன்ன செவ்வாய், வாக்குப்பதிவு முடிந்து பத்து நாளைக்குப் பிறகு. தேதியைப் போட்டு, பக்கத்தில் 'கொடைக்கு முந்தின செவ்வாய்' என்று அப்படியே எழுதினேன். மண்வாசனை இருக்கட்டும் என்று நினைத்தேன். மீதிப் பதின்மூன்றை அவரே எழுதினார். ஒரு பிழை இல்லை.

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அண்ணாச்சி மாடிக்கு வந்தார். வெற்றிலைக் காவி படிந்த பல்லும் துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுமாக எப்போதும் இரண்டு வெவ்வேறு ஆட்களைப்போல இருப்பார். பொறியாளரிடம் சொன்னார்:

"ஏம்மா, அந்த 'ஊரில் இல்லை' இருக்குல்லா, அத மட்டும் தனியா எடுத்துக்குடு. ஓட்டன்னைக்கு ஊர் திரும்பாதவிய மட்டும் போதும். ஒவ்வொரு பூத்துக்கும் தனித்தனியா."

"எதுக்கு அண்ணாச்சி?"

"எதுக்கா? இல்லாதவியளுக்கு எதுக்குப் பூத் சிலிப்பு அச்சடிக்கணும்? வீண்தானே?"

பொறியாளர் என்னைப் பார்த்தார். அண்ணாச்சியும் என்னைப் பார்த்தார்.

பூத் சிலிப்புகள் ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டன. கட்டுக்கட்டாக மாடிப்படிக்குக் கீழே கிடந்தன. காலையில் நான்தான் அவற்றைத் தாண்டி ஏறி வந்தேன். இருபது வருடம் அறிக்கைகளைப் படித்தவனுக்கு, ஒரு வரியில் எங்கே பொய் இருக்கிறது என்று தெரியாமல் போகாது. எனக்குத் தெரிந்தது. "கொடுத்துருங்க" என்றேன். கீழே லாரி வந்திருந்தது. மூவரும் தும்மினோம்.

பதினோரு நிமிடத்தில் பட்டியல் தயாராயிற்று. மணி பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

வாக்குப்பதிவு நாளன்று அந்தத் தெருவுக்கான பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாசலிலிருந்து சட்டப்படி தள்ளி, வேப்பமரத்தடியில் கூட்டணியின் மேசை. பூத் பொறுப்பாளர் ஒருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது, கழுத்தில் கட்சித் துண்டு இல்லாதது அவருக்கே சங்கடமாக இருந்தது; அடிக்கடி தோளைத் தடவிக்கொண்டார். பக்கத்தில் சாவிக்கார அக்கா, பட்டியலில் வரிசை எண் பார்த்துச் சிலிப் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தெரிந்த முகங்கள் என்பதால் கேலியும் நடந்தது. "ஏளா, போட்டோல இவ்வளவு ஒல்லியா இருக்க, உள்ள விடுவாங்களா?" என்று ஒருத்தியைக் கேட்டார். "உள்ள இருக்கவன் உன்னைய மாதிரியாக்கா ஒவ்வொண்ணாப் பாக்கப்போறான்?" என்றாள் அவள்.

பகல் இரண்டு மணி இருக்கும். தோணிக்காரர் வந்தார். இஞ்சின் கோளாறாகி, தோணி பாதி வழியில் திரும்பிவிட்டதாம். முந்தின நாள்தான் கரைக்கு வந்து, நேராகப் பெண்டாட்டி ஊருக்குப் போய்விட்டு, ஓட்டுப் போட மட்டும் பஸ் ஏறி வந்திருந்தார். முகம் வெயிலில் கறுத்து, உதடு வெடித்திருந்தது. நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

பூத் பொறுப்பாளர் தலையைத் தூக்கியவர் அப்படியே இருந்தார். "ஏ! நீரு கொடைக்கு முந்தின செவ்வாக்கிழமைலா வருவீரு? இங்கன என்ன செய்தீரு?"

"கடலு திருப்பி அனுப்பிட்டு. ஓட்டுப் போட்டுட்டு வா, பிறகு உன்னையக் கூட்டிக்கிடுதேன்னுட்டு" என்றார் தோணிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிலிப் எழுதிக் கொடுத்தார். "வீடு பெருக்கித்தான் கிடக்கு தம்பி. சாவிய வாங்கிட்டுப் போ" என்றார். அவர் உள்ளே போனார்.

எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை காதில் நின்றது. என் வாசகம். என் விரலால் எழுதியது.

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். நடை மாறியிருந்தது. "எம் பேருக்கு ஓட்டு விழுந்தாச்சாம்" என்றார் மேசையின் முன்னால் நின்று. "கையெழுத்தக் காட்டுனாவ. அச்சடிச்ச மாதிரி இருக்கு. அவ்வளவு அழகா எழுதத் தெரிஞ்சா நான் எதுக்குலே தோணிக்குப் போறேன்?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. உள்ளே இருந்த தேர்தல் அலுவலர் நல்லவர். சட்டப்படி அவருக்குத் தனியாக ஒரு சீட்டுக் கொடுத்து, முத்திரை குத்தச் சொல்லி, உறையில் போட்டு வாங்கிக்கொண்டார். அந்த உறையை நீதிமன்றம் சொன்னாலொழிய யாரும் பிரிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

"எம் பொண்டாட்டி ஓட்டு?" என்றார் தோணிக்காரர் திடீரென்று. பூத் பொறுப்பாளர் செல்போனைத் துடைத்தார். "அவ ஓட்டும் போட்டாச்சா? ஏலே, உன்னையத்தான் கேக்கேன்."

"எங்கிட்ட ஏன் கேக்கீரு? உள்ள போய்க் கேளும்."

"நீதான்லே சொன்ன, கொடைக்கு முந்தின செவ்வாக்கிழம வருவேன்னு." அவர் நிறுத்தி, தனக்குத்தானே சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். "அத நான் தோணி ஓட்டுத தண்டல்கிட்டச் சொன்னேன், அவகிட்டச் சொன்னேன். பிறகு சாவி கொடுக்கும்போது அக்காகிட்டச் சொன்னேன். உனக்கு யாரு சொன்னா?"

வரிசையில் சிலிப்புக்கு நின்ற எட்டுப் பத்துப் பேரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா கையில் பேனாவோடு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அப்போது வேட்பாளரின் கார் வந்தது. பூத் பொறுப்பாளர் ஓடினார். கூட்டம் கலைந்தது. கார் வந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை எழுதக் கை கூசுகிறது.

அக்கா பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனார். தோணிக்காரர் அவர் பின்னாலேயே போய்ச் சாவியை வாங்கிக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது.

நடந்ததைக் கேள்விப்பட்டு, அன்று மாலையே பொறியாளர் அந்தப் பகுதியைச் செயலியிலிருந்து எடுத்துவிட்டார். போனில் சொன்னார்: "அழிச்சிட்டேன் சார். ஆனா அண்ணாச்சி ஏற்கெனவே தாள்ல எடுத்து எல்லா பூத்துக்கும் அனுப்பிட்டாரு." பிறகு, "யார் பாக்கலாம்னு அன்னைக்கே கேட்டேன்" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. அடுத்த வாரம் அவர் வேலையை விட்டார்.

நாலைந்து நாள் கழித்து சாவிக்கார அக்கா வத்தல் குடோனுக்கு வந்தார். மாடி ஏறியதும் தும்மினார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, உட்காராமல் பேசினார்.

"யாரும் ஒண்ணும் கேக்கல சார். சண்டையும் இல்ல. 'அக்கா, நாத்தனாரு வாரா, சாவியக் குடுங்க'ங்கா ஒருத்தி. 'பூட்டு மாத்தப்போறேன்'ங்காவ இன்னொருத்தவிய. ஒவ்வொண்ணா வாங்கிட்டுப் போறாவ. பலகையில ஏழுதான் கிடக்கு." நிறுத்தினார். "நீங்க ஒரு நா வந்து தெருவுல சொல்லணும். இன்ன காரியத்துக்குன்னு சொல்லி அக்காகிட்ட நாந்தான் கேட்டு வாங்குனேன், இன்னாரு இப்படிச் செஞ்சுட்டாவன்னு. அவ்வளவுதான். நான் சொன்னா நம்ப மாட்டாவ. நீங்க படிச்சவிய. பேப்பர்ல இருந்தவிய."

"வாரேன்க்கா" என்றேன்.

உள்ளறையிலிருந்து அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா இறங்கிப் போனதும் வந்து என் தோளில் கை வைத்தார். "ஓட்டு எண்ணுத வரைக்கும் வாயத் தொறக்காதிய சார். எதிராளி கேஸப் போட்டாம்னா பட்டியல் போட்டது யாருன்னு கேப்பான். ஒங்க பேருலா வரும்?" அந்தக் கையில் வத்தல் தூள் இருந்திருக்கும். இரவு வரை கழுத்து எரிந்தது.

போகவில்லை. வாக்கு எண்ணிக்கைக்குப் பல வாரங்கள் இருந்தன. ஒவ்வொரு நாளும் போகாததற்கு ஒரு காரணம் இருந்தது. என் பழைய நாளிதழுக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மனதிலேயே செய்தியை எழுதியும் பார்த்தேன். தலைப்பு உட்பட எல்லாம் கச்சிதமாக வந்தது. பட்டியலை வடிவமைத்தவர் யார் என்ற வரிக்கு வரும்போது ஒவ்வொரு முறையும் நிறுத்தினேன். மற்றவர்கள் பெயரை எத்தனையோ செய்திகளில் தயங்காமல் போட்டவன்.

கூட்டணி ஜெயித்தது. வித்தியாசம் பெரியது, அந்தக் கள்ள ஓட்டுகள் இல்லாவிட்டாலும் ஜெயித்திருக்கும்.  தேவையே இல்லாமல் செய்திருந்தார்கள். கை வைக்க வசதியாக ஒன்று கிடந்தது, வைத்தார்கள்.

அன்று குடோன் மாடியில் லட்டு கொடுத்தார்கள். பெட்டியைத் திறந்துபோட்டிருந்ததால் லட்டின்மேல் சிவப்பாக மெல்லிய தூசி படிந்திருந்தது; தின்றவர்கள் உறைக்கிறது என்று சிரித்தபடியே தின்றார்கள். வெளியே வெடிச் சத்தம். அண்ணாச்சி என்னை நடுவில் இழுத்து நிறுத்திப் பொன்னாடை போர்த்தினார். "இந்த 'ஊரில் இல்லை' இருக்குல்லா, அது சாரோட மூளை. உள்ளாட்சித் தேர்தலுக்கு மாவட்டம் பூரா கொண்டு போகணும்னு மேல சொல்லியிருக்காவ" என்றார். கை தட்டினார்கள். அந்தப் பூத் பொறுப்பாளர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். இப்போது அவர் தோளில் துண்டு இருந்தது.

நான் அந்தப் பொன்னாடையை உதறவில்லை. போட்டோ எடுக்கும் வரை நின்றேன். சரிகை கழுத்தில் குத்தியது. படியிறங்கும்போது எடுத்து, மீந்து கிடந்த பூத் சிலிப் கட்டுகளின் மேல் போட்டேன். யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டுதான் போட்டேன்.

மறுநாள் காலை அந்தத் தெருவுக்குப் போனேன். கொடை முடிந்து வாரங்கள் ஆகியும் பந்தல் கால்கள் பிடுங்கப்படாமல் நின்றன. தோணிக்காரர் அடுத்த பயணத்துக்குப் பை கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நாற்காலி போட்டு, அவர் மனைவி காப்பி கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: யார் கேட்டது, யார் எழுதியது, யார் எடுத்துக் கொடுக்கச் சொன்னது. 'நான்' என்று சொல்ல வேண்டிய இடங்களில் 'நான்' என்றே சொன்னேன்.

தோணிக்காரர் பையின் கயிற்றை இறுக்கி முடித்துவிட்டுப் பேசினார்.

"நீரு சொல்லித்தான் தெரியணுமா? அக்கா எந்த வஞ்சகமும் செய்ய மாட்டாவன்னு இந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரியும்."

"அப்படின்னா சாவியத் திரும்ப..."

"அது வேற." கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "சாவின்னா சாவி மட்டுமா சார்? எப்பப் போறோம், எப்ப வாரோம், எல்லாஞ் சேத்துலா குடுக்கோம். இனிமே சொல்லும்போது ஒரு யோசன வருதுல்லா? யோசிச்சுட்டுக் குடுக்கறதுக்குக் குடுக்காமலே இருந்துறலாம். அவிய மேல ஒண்ணும் இல்ல." மனைவி இடையிலே சொன்னாள்: "ஓட்டு போச்சுன்னா அஞ்சு வருசத்துல திரும்ப வரும். பூட்டுன வீட்டு லிஸ்டு எத்தன பேரு கையில கிடக்கோ, எங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கும் தெரியாது. காப்பியைக் குடித்து முடித்தேன். மரியாதையாகத்தான் வழியனுப்பினார்கள்.

அக்காவின் வீடு நாலு வீடு தள்ளி. அவர் வாசலில் நின்று கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு துணிப்பை. திறந்திருந்த சன்னல் வழியாகப் பலகை தெரிந்தது. ஆணிகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. ஒன்றில் மட்டும் பச்சைக் கட்டம் போட்ட துணித்துண்டு தொங்கியது. சாவியை மட்டும் அவிழ்த்துக்கொண்டு துணியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"சொல்லிட்டேன்க்கா" என்றேன்.

"சரி சார்."

"கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கணும்."

அவர் சன்னலைச் சாத்தி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவை மேலும் கீழும் பார்த்தார். எதிர் வீடு திறந்திருந்தது. பக்கத்து வீட்டில் ஒருத்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா யாரையும் கூப்பிடவில்லை. சாவியைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். அத்தனை வீட்டுச் சாவியை வைத்திருந்தவருக்கு, தன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக அந்தத் தெருவில் ஒரு வீடு இல்லை.

"ஊருக்கா?" என்றேன்.

"ஆமா. பெரியதாழையில கோயில் திருநாளு."

பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தேன். பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன், தரவில்லை. உப்பு லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக, யாரும் யாரிடமும் கேட்பதுபோல, "எப்பக்கா திரும்புவிய?" என்று கேட்டுவிட்டேன்.

பஸ் வந்து நின்றது. அவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. தையல் அளவெடுக்கும்போது பார்க்கிற பார்வை.

"அத எதுக்கு சார் கேக்கிய?" என்றார்.